பிள்ளையிடம் செய்த வியாபாரம்



நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்கையில் அதனுள்ளே தம் திருக்கரத்தை நுழைத்தார்கள். மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாயிருந்தது. என்ன இது என்று வினவியபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நாயகம் அவர்கள், ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது.

அந்த வியாபாரியிடம் வாங்க வந்தவர்கள் வளர்ந்த மனிதர்கள். குவியலுக்குள் கைவிட்டுப் பார்க்கத் தெரிந்தவர்கள், பேரம் பேசத் தெரிந்தவர்கள். அவர்களிடம் மறைத்ததற்கே இவ்வளவு கடுமையான எச்சரிக்கை! வாங்க வந்திருப்பது ஆறு வயதுப் பிள்ளை என்று அறிந்தே ஒருவன் கடையை விரித்தால் அவனைப் பற்றி என்ன சொல்வது? அந்தக் கடை இன்று நம் வீட்டுக் கூடத்தில், உம்மாவின் செல்போனுக்குள் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இம்மாதம் எழுதுகிறோம்.

விளையாட்டையே குறை சொல்ல நாம் வரவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மை வைத்து விளையாடியதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூஉமைர் வளர்த்த சிட்டுக்குருவி இறந்தபோது, அந்தப் பிள்ளையின் துக்கத்தையும் ஒரு பொருட்டாக எண்ணி விசாரித்தார்கள். பிள்ளை என்றால் விளையாடும். நாம் கேட்பது, விளையாட்டுக்குள் ஒளிந்திருக்கும் வியாபாரத்தைப் பற்றி.

அது நடக்கும் விதத்தைத் தெரிந்துகொள்ளாமல் அதன் ஹுக்மைப் பேச முடியாது. விளையாட்டு இலவசம் என்று போட்டிருக்கும். இறக்கிக்கொண்டால் முதல் சில நாள் எல்லாம் சுலபமாய்ப் போகும். பிறகு வழி அடைபடும். அடுத்த கட்டத்துக்குப் போக வைரம் வேண்டும், காத்திருக்காமல் ஆட நாணயம் வேண்டும், கூட்டாளி அணிந்திருக்கும் உடையைப் போல் தானும் அணிய டைமண்ட் வேண்டும். இந்த வைரமும் நாணயமும் ரூபாய் கொடுத்துத்தான் கிடைக்கும். ரூபாயை முதலில் டைமண்டாக மாற்றி, அதற்குப் பிறகு டைமண்டைக் கொண்டு பொருள் வாங்கச் சொல்வதில் ஒரு சூட்சுமம் உண்டு. நூறு ரூபாய் என்றால் பிள்ளைக்குக்கூட மிட்டாய்க் கடை நினைவு வரும். முந்நூறு டைமண்ட் என்றால் என்ன நினைவு வரும்? அது காசென்றே தெரியாது. அவன் விற்கும் கட்டு ஓர் அளவிலும், பொருளின் விலை வேறோர் அளவிலும் இருப்பதால் எப்போதும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தை வீணாக்கக் கூடாதே என்று அடுத்த கட்டு வாங்கத் தோன்றும்.

காசு கொடுக்காத பிள்ளையிடம் விளம்பரத்தைக் காட்டிச் சம்பாதிக்கிறான். முப்பது வினாடி விளம்பரம் பார்த்தால் ஓர் உயிர் கிடைக்கும், இன்னொன்று பார்த்தால் பத்து நாணயம் கிடைக்கும். விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறி கடுகளவில் மூலையில் இருக்கும். பிள்ளையின் விரல் தவறினால் வேறொரு கடை திறக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து வயதும் அதற்குக் குறைவும் உள்ள பிள்ளைகள் பயன்படுத்தும் 135 செயலிகளைப் பரிசோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் ஏதேனும் ஒரு வகை விளம்பரம் இருந்தது. சிலவற்றில், பிள்ளை கொஞ்சி விளையாடும் பாத்திரமே முகம் வாடி, அழுது, வாங்கச் சொல்லித் தூண்டுமாம். தன் கூட்டாளி அழுவதைப் பார்த்துச் சும்மா இருக்கும் பிள்ளை ஏது! இரக்கம் அல்லாஹ் பிள்ளையின் நெஞ்சில் வைத்த குணம். அந்த இரக்கத்தையே பிடித்து இழுத்துக் காசு கறக்கிறார்கள்.

விளம்பரத்தில் காட்டுவது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று என்பதும் சகஜம். ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் என்ற இரு விளையாட்டுகளின் விளம்பரங்களில் காட்டப்பட்டது அந்த விளையாட்டுகளின் உண்மையான ஆட்டமே அல்ல என்று பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2020-இல் தீர்ப்புச் சொல்லி, அவற்றை மீண்டும் வெளியிடக் கூடாது என்றது. மேலே காய்ந்த தானியம், அடியில் ஈரம். ஆயிரத்து நானூறு வருடத்தில் குவியல்தான் மாறியிருக்கிறது.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த மஸ்அலாவுக்கு வருவோம். பிள்ளை விரலால் தட்டி வாங்கிய அந்த வியாபாரம் வியாபாரமா?

ஷாபிஈ மத்ஹபில் இதற்கு விடை தெளிவானது. விற்பவரும் வாங்குபவரும் பருவமடைந்தவராகவும் பொருளைப் பராமரிக்கும் தகுதியாகிய ருஷ்து உடையவராகவும் இருக்க வேண்டும். பாலிகாகாத பிள்ளை செய்த கொடுக்கல் வாங்கல் செல்லாது. வலீ அனுமதி கொடுத்திருந்தாலும் பிள்ளை செய்த ஒப்பந்தம் ஒப்பந்தமாகாது. ஹனஃபீ மத்ஹபில், விவரம் தெரிந்த பிள்ளை வாங்கினால் அது வலீயின் சம்மதத்தை எதிர்பார்த்து நிறுத்தி வைக்கப்படும்; அவர் ஒப்பினால் செல்லும், மறுத்தால் வீழ்ந்துவிடும். விவரம் தெரியாத சிறு பிள்ளை செய்தது அங்கும் செல்லாது. ஆக, கடற்கரை ஊர்களின் ஷாபிஈகளானாலும் உள்நாட்டு ஹனஃபீகளானாலும், தந்தை அறியாமல் பிள்ளை தட்டி, தந்தை ஒப்பாத வியாபாரம் வியாபாரமே அல்ல. அந்தப் பணம் விற்றவனிடம் உரிமையின்றித் தங்கியிருக்கிறது. பிறர் பொருளைத் தவறான வழியில் உண்ணாதீர்கள், மனமொப்பிய வியாபாரமே விதிவிலக்கு என்ற கருத்தில் அந்நிஸா அத்தியாயம் 29-ஆம் வசனம் அமைந்திருக்கிறது. மனம் ஒப்பும் தகுதியே இல்லாதவனின் ஒப்புதலை வைத்து எவன் உரிமை கொண்டாட முடியும்?

உப்பும் தீப்பெட்டியும் வாங்கி வரப் பிள்ளையை அனுப்புகிறோமே என்று ஒருவர் கேட்கலாம். அங்கே பிள்ளை தூதன். எதை வாங்க வேண்டும், என்ன விலை என்பதை அனுப்பியவரும் அறிவார், கடைக்காரரும் அறிவார். அற்பமான பொருள்களில் ஊர் வழக்கத்தைக் கருதி உலமாக்கள் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் பிள்ளையின் கையில் ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கண்டால், இதை யாரிடமிருந்து எடுத்து வந்தாய் என்று கேட்பார். சாயங்காலம் வாப்பாவைப் பள்ளிவாசலில் கண்டால் சொல்லவும் சொல்வார். செல்போனில் இருக்கும் கடைக்காரன் கேட்பதில்லை. கேட்டால் வியாபாரம் கெடும்.

இது நாட்டுச் சட்டத்துக்கும் புதிதல்ல. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் மைனருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லை என்கிறது. மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1903-இல் மோகரி பீபி வழக்கில் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் இது பெரிய வழக்குகளாகவே நடந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் கருவியில் பெற்றோர் ஒருமுறை ரகசியச் சொல்லைப் பதிந்தால், அடுத்த பதினைந்து நிமிடம் பிள்ளை எத்தனை முறை தட்டினாலும் காசு பிடிக்கப்பட்டது. இப்படிப் பதினைந்து நிமிட வாசல் திறந்திருப்பதைப் பெற்றோரிடம் சொல்லவில்லை. செல்லப் பிராணிகளின் விடுதி நடத்தும் ஒரு விளையாட்டில் ஒரு தாயின் மகள் செலவழித்தது மட்டும் 2,600 டாலர். அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் தலையிட்டு, குறைந்தது 32.5 மில்லியன் டாலரைப் பெற்றோருக்குத் திருப்பித் தர 2014 ஜனவரியில் ஆப்பிளை ஒப்பவைத்தது. அதே வருடம் செப்டம்பரில் கூகுள் 19 மில்லியனுக்கு ஒப்பியது. அமேசான் வழக்காடி, 2016-இல் தோற்றது. ஃபேஸ்புக் மீது பெற்றோர் தொடுத்த வழக்கின் உள் ஆவணங்கள் 2019-இல் வெளிவந்தபோது, நிறையச் செலவழிக்கும் பிள்ளையைத் திமிங்கிலம் என்று ஊழியர்கள் குறிப்பிட்டிருந்தது தெரிய வந்தது. அது சூதாட்ட விடுதிகளில் பெருந்தொகை இழப்பவர்களுக்கு வழங்கும் பெயர். ஃபோர்ட்நைட் என்னும் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் 2022 டிசம்பரில் 520 மில்லியன் டாலருக்கு உடன்பட்டது. பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் அனுமதியின்றிச் சேகரித்ததற்கு 275 மில்லியன் அபராதம், ஏமாற்றி வாங்கவைத்ததற்குத் திருப்பித் தர 245 மில்லியன். உறங்கிய திரை விழிக்கும் நேரத்தில் ஒரு பொத்தானைத் தட்டினாலே பொருள் வாங்கியதாகிவிடும்படி அமைத்திருந்ததாக அந்த ஆணையம் குற்றம் சாட்டியது. ஏன் பிடித்தீர்கள் என்று வங்கி மூலம் தகராறு செய்தவர்களின் கணக்கையே பூட்டிவிட்டார்களாம்.

இவ்வளவு விவரம் எழுதக் காரணம் உண்டு. நம்மிடம் வரும் தாய்மார்கள் பலர், பிள்ளை திருடிவிட்டான் என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைக் காட்டுவார்கள். சவூதியிலோ துபாயிலோ வெயிலில் நின்று வாப்பா அனுப்பிய பணம், இருநூறும் ஐந்நூறுமாகப் போயிருக்கும். அவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற நடுக்கத்தில் பிள்ளையை அடித்திருப்பார்கள். அடிக்கும் முன் யோசிக்க வேண்டும். தூங்குபவர் விழிக்கும்வரை, பைத்தியம் தெளியும்வரை, பிள்ளை பருவமடையும்வரை எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நபிமொழியின் கருத்து. அல்லாஹ்வே பிள்ளையின் ஏட்டில் எழுதாத குற்றத்திற்கு நாம் பிரம்பு எடுக்கிறோம். ஒரு பெரிய நிறுவனத்தின் படித்த மூளைகள் கூடியிருந்து யோசித்து விரித்த வலையில் ஏழு வயதுக் குழந்தை விழுந்ததற்கு அந்தக் குழந்தை கள்வன் ஆகுமா? கண்டியுங்கள், கற்பியுங்கள், கள்வன் என்ற பெயரை மட்டும் சூட்டாதீர்கள்.

ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், தம் மேய்ச்சலைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற ஹதீதை நாம் மிம்பரில் பலமுறை கேட்டிருக்கிறோம். யுபிஐ ரகசிய எண்ணைப் பிள்ளையின் முன்னால் அழுத்துவதும், ஓ.டி.பி. வந்தால் நீயே படித்துப் போடு என்று செல்போனைக் கையில் கொடுப்பதும், சோறு ஊட்டுவதற்காக விளையாட்டைத் திறந்து வைப்பதும் யாருடைய செயல்?

ஃபிக்ஹுக் கிதாபுகளில் ஓர் அழகான இடம் இருக்கிறது. அநாதைகளைத் திருமண வயது வரும்வரை சோதித்துப் பாருங்கள், அவர்களிடம் ருஷ்தைக் கண்டால் பொருளை ஒப்படையுங்கள் என்னும் கருத்தில் அந்நிஸா 6-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. எப்படிச் சோதிப்பது என்பதை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் விவரிக்கிறார்கள். வியாபாரியின் மகனை வாங்குவதிலும் விற்பதிலும் பேரம் பேசுவதிலும், விவசாயியின் மகனை விவசாயத்திலும், பெண் பிள்ளையை நூல் நூற்பதிலும் வீட்டு உணவைப் பூனையிடமிருந்து காப்பதிலும் சோதிக்க வேண்டுமாம். (பூனையை மறக்காத இமாமவர்களின் வீட்டு ஞானத்தைப் பாருங்கள்!) பிள்ளையைச் சந்தைக்கு அனுப்பு, பேரம் பேசவிடு, ஒப்பந்தம் முடியும் வேளையில் வலீ வந்து தாமே முடிக்கட்டும் என்பதுதான் சரியான சொல் என்று அங்கே முடிவு கூறுகிறார்கள்.

இன்றைய வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வழியை நாம் அறியோம். பிள்ளை விளையாட்டைத் தேர்ந்தெடுக்கட்டும். எதை வாங்க வேண்டும், ஏன் வேண்டும், அது ரூபாயில் எவ்வளவு என்று உங்களிடம் வந்து வாதாடட்டும். அந்த வாதமே அவனுக்குப் பாடம். வாங்கும் பொத்தானை அழுத்தும் விரல் மட்டும் வாப்பாவின் விரலாக இருக்க வேண்டும். அவர் வெளிநாட்டிலிருந்தால் அவருடைய வகீலாக உம்மாவின் விரல். ஆண்ட்ராய்டு போனின் பிளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்ப்புக் கேட்கும்படி வைக்கலாம். ஐபோனில் பிள்ளை வாங்க முயன்றால் பெற்றோரின் கருவிக்கு அனுமதி கேட்டு வரும்படி செய்யலாம், உள்ளே வாங்குவதை முழுவதுமே அடைக்கவும் செய்யலாம். இறக்கும் முன்பே, விளம்பரம் உண்டு, செயலிக்குள் வாங்குதல் உண்டு என்று பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் போட்டிருக்கும், அதைப் படியுங்கள். ஒரே தடவை விலை கொடுத்தால் விளம்பரமே வராத விளையாட்டுகளும் உண்டு. மறைவில்லாத விலை, தெரிந்த பொருள், மார்க்கம் விலக்கிய காட்சி எதுவும் இல்லை என்றால் அப்படி வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை. இலவசத்தைவிட அதுவே மலிவு என்பது நம் கருத்து. தெருமுனை ரீசார்ஜ் கடைகளில் ரிடீம் கோடு விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை: பள்ளிச் சீருடையில் வந்து நூறு ரூபாய்க்குக் கோடு கேட்கும் பிள்ளையிடம் விற்பது மேலே சொன்ன செல்லாத வியாபாரத்தில் சேரும்.

எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது அதிர்ஷ்டப் பெட்டி. ஃப்ரீ ஃபயர் விளையாட்டை இந்திய அரசு 2022 பிப்ரவரியில் தடை செய்தபின்னும் அதன் 'மேக்ஸ்' பதிப்பு பிள்ளைகள் கையில் புழங்கி வந்திருக்கிறது. அதில் லக் ராயல் என்று ஒரு பகுதி உண்டு. டைமண்டைக் கட்டிச் சக்கரத்தைச் சுற்றவிட்டால் அரிய உடையும் வரலாம், ஒன்றுக்கும் உதவாத துண்டும் வரலாம். வேறு விளையாட்டுகளில் இதுவே பெட்டி, முட்டை, சீட்டு என்று வேறு வேடத்தில் வரும். ஏதோ ஒரு பொருள் கிடைத்துவிடுகிறதே, முழு நஷ்டம் இல்லையே, பிறகு எப்படி இது கிமார் ஆகும் என்று இளம் ஆலிம்கள் சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அறியாமைக் காலத்தில் கல்லெறி வியாபாரம் என்று ஒன்று இருந்தது. துணிகளைப் பரப்பி வைத்து, கல்லை எறி, அது எந்தத் துணிமேல் விழுகிறதோ அது உனக்கு இந்த விலைக்கு என்பார்கள். அங்கும் ஏதோ ஒரு துணி கிடைக்கத்தான் செய்தது. நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். இன்னதென்று அறியாத கரர் வியாபாரத்தையும் சேர்த்தே தடுத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இந்தத் தடை வந்திருக்கிறது. சுற்றும் சக்கரம் அந்தக் கல்தான். பிள்ளை காசு கட்டுவது அரிய உடை என்ற ஆசைக்கு. கிடைக்கும் துண்டு வாயடைக்கக் கொடுப்பது. ஆகவே இதைச் சூதின் கூட்டத்தில் வைப்பதே பேணுதல் என்று கருதுகிறோம். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையமும் 2018-இல் ஃபிஃபா 18 முதலிய விளையாட்டுகளில் காசுக்கு விற்ற பெட்டிகளைச் சூதாட்டம் என்றே முடிவு செய்தது. பணம் கட்டிப் பணத்தை எதிர்பார்த்து ஆடும் இணைய விளையாட்டுகளை நம் நாட்டுப் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றித் தடுத்திருக்கிறது. பிள்ளைகளின் பெட்டியை அந்தச் சட்டம் எட்டுமா என்பதை வழக்கறிஞர்கள் வாதிடட்டும். நமக்கு அல்மாயிதா 90, 91 வசனங்கள் போதும். மதுவாலும் சூதாலும் பகையை மூட்டவும், இறைநினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுக்கவுமே ஷைத்தான் நாடுகிறான் என்பது அவற்றின் கருத்து. மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது, இன்னும் பத்து நிமிடத்தில் பரிசு முடிகிறது என்று போன் கூப்பிடுகிறது. அண்ணன் தம்பிக்குள் உடைக்கும் வைரத்துக்கும் சண்டை. வசனம் சொன்ன இரண்டும் வீட்டுக்குள் நடக்கின்றன. வா, உன்னோடு சூதாடுகிறேன் என்று தோழனிடம் வாயால் சொன்னவரையே ஸதக்கா கொடுக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. சொல்லுக்கே அது.

பணம் போய்விட்டிருந்தால் கூகுளிடமோ ஆப்பிளிடமோ உடனே முறையிட்டுத் திருப்பிக் கேளுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். தாமதித்தால் கதவு அடைபடும். கேட்பது உங்கள் உரிமை. ஆனால் பெரியவர்களே விளையாடிப் பணத்தை விட்டுவிட்டு, பிள்ளை தட்டிவிட்டான் என்று எழுதித் திருப்பி வாங்குவதும் நடக்கிறது. அது பொய், அந்தப் பணம் ஹராம். அதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கையில் செய்வது இன்னும் மோசம்.

பெருநாள் காசைப் பற்றியும் கேட்கிறார்கள். பெரியப்பாவும் மாமாவும் கொடுத்த காசு, அவனுடையதுதானே, அவன் இஷ்டத்துக்கு டைமண்ட் வாங்கட்டுமே என்கிறார்கள். அது அவனுடையது என்பது உண்மை. அவனுடையது என்பதாலேயே அவன் இஷ்டத்துக்கு விட முடியாது. பிள்ளையின் பொருளில் அவனுக்கு நன்மையானதைத் தவிர வேறெதையும் செய்ய வலீக்கு அதிகாரமில்லை. வீட்டுச் செலவுக்கு அவசரத்தில் எடுத்துவிட்டு மறந்துவிடுவதும் அப்படித்தான், பெற்றோரே! ஒரு சிறிய நோட்டில் பிள்ளையின் பெயரை எழுதி, யார் கொடுத்தது, எவ்வளவு, எதற்கு எடுத்தோம் என்று குறித்து வையுங்கள். பருவமடைந்து ருஷ்து தெரியும் நாளில் அந்த நோட்டையும் மிச்சப் பணத்தையும் அவன் கையில் கொடுங்கள். பதினைந்து வயதில் மீசை அரும்பிவிட்டது, ஆனால் ஓர் உடைக்காக ஆயிரம் ரூபாயை இன்னும் சக்கரத்தில் சுற்றுகிறான் என்றால், தொழுகையும் நோன்பும் அவன்மீது கடமையாகிவிட்டன. நோட்டு இன்னும் சில காலம் உங்களிடமே இருக்கட்டும்.